அம்மாவுக்குக் கூடியது, மாமாவுக்குக் குறைந்தது

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன், வயது 33. என் அம்மாவுக்கு (58) இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது தினமும் லெட்ரோசோல் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். 152 செ.மீ. உயரம், நோய்க்கு முன் 61 கிலோ இருந்தவர் இன்று 69. அதே தெருவில் இருக்கும் என் பெரிய மாமாவுக்கு (61, உயரம் 166 செ.மீ.) இந்த ஆண்டு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் தெரிய வந்து, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், கீமோ நடக்கிறது. 64 கிலோ இருந்தவர், நோய் தெரிந்தபோது 58, இப்போது 52. அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதால் "இளைப்பது நல்லதுதானே" என்று இருந்துவிட்டோம். அம்மாவைப் பார்க்கிறவர்கள் "உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்கிறார்கள். மருத்துவரோ எடையைக் குறைக்கச் சொல்கிறார். மாமாவிடம் மட்டும் நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார். அம்மாவின் எடையால்தான் நோய் வந்ததா? குறைக்காவிட்டால் திரும்ப வருமா? பட்டினி கிடந்தால் புற்றுநோய் செல்கள் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி வாரம் இரண்டு நாள் அவர் எதுவும் சாப்பிடுவதில்லை. நான் 154 செ.மீ., 52 கிலோ. எனக்கு ஆபத்து இல்லைதானே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, நீங்களும் உங்கள் மாமாவும் இன்று ஒரே எடையில் இருக்கிறீர்கள் என்பதுதான். அதே 52 கிலோ உங்களுக்கு இயல்பானது. அவருக்கு அது உடனே கவனிக்க வேண்டிய எண். எடை இயந்திரம் காட்டும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புற்றுநோயைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்ல முடியாது. யாருடைய எடை, எந்த வயதில், நோய்க்கு முன்பா பின்பா, ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஏறியது கொழுப்பா நீரா, இறங்கியது கொழுப்பா தசையா என்று கேட்ட பிறகுதான் அந்த எண் பேசத் தொடங்கும். உங்கள் மருத்துவர் அம்மாவிடம் ஒன்றும் மாமாவிடம் வேறொன்றும் சொன்னது முரண்பாடு அல்ல.

மாமாவின் நிலைதான் அவசரமானது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் பொது மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் வரும் ஒருவரிடம் "நன்றாக இளைத்திருக்கிறீர்கள், இப்படியே இருங்கள்" என்று பாராட்டி அனுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டியபடி, "அரைஞாண் கயிற்றை இரண்டு தடவை மாற்றிக் கட்டிவிட்டேன், சார்" என்று மட்டும் சொன்னார். அவர் சாப்பாட்டையும் குறைக்கவில்லை, நடக்கவும் தொடங்கவில்லை. போதாததற்கு, இளைத்தும் சர்க்கரை இறங்காமல் ஏறியிருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பக்குவம் அன்று எனக்கு இல்லை. சில மாதங்கள் கழித்துக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. முயற்சி எதுவும் இல்லாமல் ஒருவர் இளைக்கிறார் என்றால் அது பாராட்ட வேண்டிய செய்தி அல்ல, காரணம் தேட வேண்டிய அறிகுறி என்பதை நான் கற்றுக்கொண்டது பாடப் புத்தகத்தில் அல்ல, அந்த அரைஞாண் கயிற்றில். ஆகையால் "இருந்துவிட்டோம்" என்று நீங்கள் வருந்த வேண்டாம். படித்த மருத்துவரே இருந்துவிட்ட கதை இது.

மாமா 64-லிருந்து 52-க்கு வந்திருப்பது, தம் எடையில் 100-க்கு ஏறத்தாழ 19 பங்கை இழந்ததற்குச் சமம். 2011-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த வரையறையின்படி, ஆறு மாதங்களில் தன்னறியாமல் 5 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தாலே அதைப் புற்றுநோய் சார்ந்த உடல் நலிவாகக் கருத வேண்டும்; ஏற்கெனவே ஒல்லியானவருக்கு 2 சதவீதமே போதும். இது வெறும் பசியின்மை அல்ல. கட்டியும் அதை எதிர்க்கும் உடலும் சேர்ந்து கிளப்பிவிடும் அழற்சி, மூளையில் பசியை அடக்குகிறது, தசையைக் கரைக்கிறது, படுத்திருக்கும்போதுகூட உடலின் செலவைக் கூட்டுகிறது. வழக்கமாகப் பட்டினி கிடக்கும் ஒருவருக்கு முதலில் கொழுப்பு கரையும். இந்த நலிவில் தசை தொடக்கத்திலிருந்தே கரைகிறது. அதனால்தான் அவர் தட்டைத் தள்ளி வைக்கும்போது அடம் பிடிக்கிறார் என்று எண்ணிக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். அவருடைய நாக்கும் மூளையும் வேண்டாம் என்கின்றன; அவர் அதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இது உயிர் பிழைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. 1980-இல் அமெரிக்காவில் கீமோ பெற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சிகிச்சை தொடங்கும் முன்பே எடை இழந்திருந்தவர்கள் பெரும்பாலான புற்றுநோய் வகைகளில் குறைந்த காலமே வாழ்ந்தது தெரிந்தது. அதன் பின் வந்த ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தசை குறைந்தவருக்குக் கீமோவின் பக்க விளைவுகள் கூடும். பக்க விளைவு கூடினால் தவணை தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு தவணையும் கட்டிக்குக் கிடைக்கும் ஓய்வு.

நம் வீடுகளில் அறுவை சிகிச்சை முடிந்தவருக்குப் பத்தியம் என்ற பெயரில் நடப்பது எனக்குத் தெரியும். மீன், முட்டை, தயிர் மூன்றையும் நிறுத்திவிட்டு, கஞ்சியும் இளநீரும் ரசம் சாதமும் கொடுப்பார்கள். இரைப்பை சுருங்கிப்போன ஒருவருக்கு ஒரு தம்ளர் கஞ்சி வயிற்றை நிரப்பிவிடும். எடை இறங்குவதை மட்டும் நிறுத்தாது. அவருக்கு வேண்டியது சிறு அளவில் செறிவான உணவு. மூன்று வேளை என்பதை மறந்துவிட்டு, ஆறேழு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். அரை மணி நேரம் முன்போ பின்போ குடிக்கட்டும். குளுக்கோஸ் தண்ணீர், சர்க்கரை போட்ட பழரசம் ஆகியவை இரைப்பை இல்லாத வழியில் ஒரே ஓட்டமாகக் குடலுக்குள் இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று படுத்தும். சர்க்கரை நோயும் இருப்பதால் அவருக்கு அவை இரட்டைத் தொல்லை. நெய் விட்ட மிருதுவான இட்லி, குழைய வேகவைத்த பருப்பு, முள் நீக்கிய மீன், வேகவைத்த முட்டை, கெட்டித் தயிர், வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கலந்த கெட்டியான சத்துமாவு ஆகியவை அவருக்கு ஏற்றவை. புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. அவருக்கு அது 52 முதல் 78 கிராம் வரை ஆகும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ரசம் சாதத்தில் இந்தக் கணக்கு ஏன் நிறைவேறாது என்பது விளங்கும். வாய்வழியாக இது முடியாமல் போனால், குழாய் வழி உணவு பற்றி மருத்துவர் பேசுவார். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரைப்பை குறைந்தவர்களுக்கு வைட்டமின் பி12-உம் இரும்புச்சத்தும் உடலில் சேர்வது குறையும் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எடை இப்படி இறங்கியிருக்கும்போது, பழைய அளவிலேயே அவர் சாப்பிட்டுவரும் சர்க்கரை மாத்திரைகளையும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். சாப்பாடு பாதியாகி மாத்திரை முழுதாக இருந்தால் இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் எடை திடீரென்று ஏறி, அதே சமயத்தில் வயிறு உப்பியோ கால் வீங்கியோ இருந்தால், அது தேறியதாகாது. நீர் கோத்ததாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

இனி அம்மா. "எடையால்தான் வந்ததா" என்ற கேள்விக்கு, மக்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய பதில் உண்டு. ஒரு தனி மனிதரைப் பற்றிச் சொல்லக்கூடிய பதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் இருந்த ஆதாரங்களை எல்லாம் அலசி, மிகையான உடற்கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று முடிவு செய்தது. உணவுக்குழாயின் ஒரு வகை, இரைப்பையின் மேல்வாய்ப் பகுதி, பெருங்குடல் மற்றும் மலக்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர், சினைப்பை, சிறுநீரகம், தைராய்டு, மூளை உறையில் வரும் கட்டி, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா ஆகியவை அவை. மாமாவுக்கு வந்த இரைப்பைக் கீழ்ப்பகுதிப் புற்றுநோய் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே முதன்மையான குற்றவாளி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதே முகமை 1994-இலேயே அதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. உப்பில் ஊறிய உணவும் புகையிலையும் அதற்குத் துணை.

பட்டியலில் உள்ள 13-உம் ஒரே அளவில் எடையோடு பிணைந்தவை அல்ல. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் பிணைப்பு மிக வலுவானது. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மாதவிடாய் நின்றவர்களுக்கு வந்த இந்தப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிக்கு அதிக எடை காரணம் என்று 2007-இல் கணக்கிட்டார்கள். மார்பகத்தில் பிணைப்பு அந்த அளவுக்கு இறுக்கமானது அல்ல. உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறை குறியெண் 5 புள்ளி ஏறினால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம் கூடுகிறது என்று 2008-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கூறியது. உங்கள் அம்மாவின் உயரத்துக்கு 5 புள்ளி என்பது ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோ. இதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், நோய் வரக்கூடியவர்கள் 100 பேர் என்று இருந்த இடத்தில் அது 112 ஆகிறது. அந்த 112 பேரில் அந்தக் கூடுதல் 12 பேர் யார் யார் என்று கைகாட்ட எவராலும் முடியாது. அம்மாவும் அந்தப் பன்னிருவரில் ஒருவரா என்று உங்கள் மருத்துவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நம் மாநிலத்தில் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதிக எடையில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு மார்பகப் புற்றுநோய் வரப்போவதில்லை, ஒல்லியான எத்தனையோ பேருக்கு வந்திருக்கிறது. அம்மா தன்னைத்தானே நொந்துகொள்கிறார் என்றால், அந்த எண்ணத்தை அவர் மனத்திலிருந்து எடுத்துவிடுவது உங்கள் கடமை.

ஆனால் எடை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவருக்கே பயன்படும். பல மார்பகப் புற்றுநோய்களை வளரத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை அதைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆயினும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் வேறொரு ஹார்மோனை, உடலின் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு கூடினால் அந்தப் பட்டறையும் பெரிதாகிறது. அம்மா தினமும் விழுங்கும் லெட்ரோசோல் மாத்திரை தடுப்பது இதே நொதியைத்தான். ஆகவே எடையைக் கட்டுக்குள் வைப்பதும் மாத்திரையும் ஒரே பட்டறையின் இரண்டு பூட்டுகள் என்று அவரிடம் சொல்லலாம். ஆனால் ஒரு பூட்டு இருக்கிறதே என்று மற்றதைக் கழற்றிவிடக் கூடாது. எடை குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இது தவிர இன்சுலின் மிகையாகச் சுரப்பது, ஓயாத உள் அழற்சி ஆகிய பாதைகளும் உண்டு. அவை மற்ற புற்றுநோய்களிலும் பங்கு வகிக்கின்றன.

நோய் வந்த பிறகு எடையின் பங்கு என்ன? 2014-இல் வெளிவந்த தொகுப்பாய்வு 82 ஆய்வுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களைக் கணக்கில் எடுத்தது. நோய் தெரியுமுன் உடற்பருமன் இருந்தவர்களுக்கு, சரியான எடையில் இருந்தவர்களைவிட எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 41 சதவீதமும், மார்பகப் புற்றுநோயாலேயே இறக்கும் வாய்ப்பு 35 சதவீதமும் கூடுதலாக இருந்தன. இதில் மருத்துவத் துறையின் குறையும் ஒரு பங்கு. பருமனான பெண்களுக்குக் கீமோ அளவைக் கணக்கிடும்போது, இவ்வளவு மருந்தா என்று தயங்கிக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது. உண்மையான எடைக்கு ஏற்ற முழு அளவையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-இல் வழிகாட்டுதலே வெளியிட வேண்டியிருந்தது.

அப்படியானால் எடையைக் குறைத்தால் நோய் திரும்பாதா? இதற்கு ஆம் என்று அடித்துச் சொல்லும் மருத்துவரை நம்பாதீர்கள். அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. ஒன்றில், உணவில் கொழுப்பைக் குறைத்த பெண்களுக்கு எடையும் சுமார் 3 கிலோ குறைவாக இருந்தது. நோய் திரும்புவதும் ஓரளவு குறைந்தது. மற்றதில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதியினர் காய்கறியையும் பழத்தையும் ஏராளமாகக் கூட்டினார்கள். எடை மாறவில்லை, ஏழாண்டுக்கு மேல் கவனித்தும் நோய் திரும்புவதில் வித்தியாசமே இல்லை. எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 2025-இல் வெளிவந்த பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை வேறொன்றைக் காட்டியது. கீமோ முடித்த 889 பேரில் ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டு முறையான உடற்பயிற்சி வழிகாட்டல் தந்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. அது வேறு உறுப்பின் புற்றுநோய் என்பதால் அப்படியே அம்மாவுக்குப் பொருத்திவிட முடியாது. இருந்தாலும், எடை இயந்திரம் அசையாத நாட்களிலும் அவருடைய நடை வீண் அல்ல என்று துணிந்து சொல்வேன்.

அம்மாவின் உடல் நிறை குறியெண் நோய்க்கு முன் 26.4, இப்போது 29.9. இந்தியர்களுக்கு ஒரே எடையில் உடற்கொழுப்பு கூடுதலாக இருப்பதால், நாம் 23-க்கு மேல் அதிக எடை என்றும் 25-க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்கிறோம். ஏறிய 8 கிலோவுக்கு அவருடைய நாக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள். கீமோவின்போது வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும். களைப்பால் நடமாட்டம் நின்றுபோகும். போதாக்குறைக்கு, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இரத்தம் ஊறட்டும் என்று பாதாம் பாலும் பேரீச்சம்பழமும் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டுவந்து அன்பைக் கொட்டியிருப்பார்கள். இப்படி ஏறும் எடையில் பெரும்பாலும் கொழுப்பு ஏறி, தசை குறைந்திருக்கும். "தேறிவிட்டது" என்று உறவினர்கள் பார்ப்பது கன்னத்தை. மருத்துவர் பார்ப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அவரால் எழ முடிகிறதா என்பதை. இன்று மாலையே எழுந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் காரணத்தினாலேயே வாரம் இரண்டு நாள் பட்டினியை நிறுத்தச் சொல்கிறேன். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகம் உறிஞ்சுவது உண்மை. கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பதே அந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் நாம் சாப்பிடாவிட்டால் உடல் குளுக்கோஸ் இல்லாமல் இருந்துவிடுவதில்லை. கல்லீரல் தன் சேமிப்பைக் கரைக்கும்; பிறகு தசைப் புரதத்தை எடுத்துக் குளுக்கோஸாக மாற்றும். பட்டினி கிடக்கும் நாளில் புற்றுநோய் செல்லுக்கு முன் பட்டினியாகப் போவது அம்மாவின் தொடைத் தசை. போதாததற்கு, பட்டினி முடிந்த மறுநாள் காலையில் தோசை எண்ணிக்கை என்ன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆறு மாதத்தில் மூன்று முதல் மூன்றரைக் கிலோ குறைவது நியாயமான இலக்கு. 61-க்கே திரும்ப வேண்டும் என்று துரத்த வேண்டாம். மதியத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் மீனோ முட்டையோ வரட்டும்; இரவு டிபன் ஏழரை மணிக்குள் முடியட்டும்; நாளைக்கு நாலு காப்பி என்றால் நாலிலும் சர்க்கரை இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரைத் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் "ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்றார்களே" என்பார். அந்தக் கை வீங்கிவிடும் என்று பயந்து பல ஆண்டுகள் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கை வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களை வைத்து 2009-இல் வெளிவந்த சோதனை, படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை என்று காட்டியது. உண்மையில் வீக்கத்துக்கான வாய்ப்பைக் கூட்டுவது உடற்பருமன்தான். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டு தொடங்கட்டும். வீக்கம் இருந்தால் இறுக்க உறை அணிந்துகொள்ளட்டும். லெட்ரோசோல் எலும்பை மெலிவிக்கும் என்பதால், நடையும் தசைப் பயிற்சியும் அந்த வகையிலும் உதவும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று அடுத்த முறை கேளுங்கள். காலையில் விரல்கள் விறைப்பதாகச் சொல்கிறார் என்றால் அதுவும் இந்த மாத்திரையின் வேலையாக இருக்கலாம். நடக்க நடக்கத் தளரும். விளம்பரத்தில் வரும் எடைக் குறைப்புப் பொடி எதையும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

நீங்கள் ஒருவேளை இணையத்தில் தேடியிருந்தால், "சற்றுக் குண்டாக இருக்கும் புற்றுநோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள்" என்ற செய்தியும் கண்ணில் பட்டிருக்கும். சில புற்றுநோய்களில் அப்படிப்பட்ட முடிவுகள் வந்திருப்பது உண்மை. ஆனால் மாமாவை அத்தகைய ஓர் ஆய்வில் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். நோய் தெரிந்த அன்று அவர் 58 கிலோ, குறியெண் 21. "சரியான எடை" என்ற கட்டத்தில் எழுதியிருப்பார்கள். ஏற்கெனவே 6 கிலோ இழந்து நலியத் தொடங்கியவர் அவர் என்பது அந்தத் தாளில் இருக்காது. அவரைப் போன்றவர்கள் பலர் அந்தக் கட்டத்தில் குவிந்தால், சரியான எடையே ஆபத்து என்பதுபோல் தோன்றும். இந்தப் புதிர் முழுவதும் இதனாலேயே வந்தது என்று சொல்லமாட்டேன். கூடுதல் எடை உள்ளவரிடம் தசைக் கையிருப்பும் இருந்தால் அது சிகிச்சையைத் தாங்க உதவத்தான் செய்யும். ஆனால் அந்தச் செய்தியைக் காட்டி அம்மா இன்னொரு தோசை கேட்டால், கொடுக்க வேண்டாம்.

உங்களைப் பற்றி. உங்கள் குறியெண் 22. அது நல்ல இடம். ஆனாலும் ஒல்லியாக இருப்பது தடுப்பூசி அல்ல. மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்றுநோயில் எடையின் கணக்கே தலைகீழ். பருமனானவர்களுக்கு அந்த வயதில் வாய்ப்பு சற்றுக் குறைவாகவே இருக்கிறது. அதற்காக எடை ஏற்றிக்கொள்ளச் சொல்லமாட்டேன். இன்று ஏறும் எடை ஐம்பது வயதிலும் கூடவே வரும். தாய்க்கோ சகோதரிக்கோ மகளுக்கோ வந்திருந்தால் ஒருவருக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதால், குடும்பத்தில் வேறு யாருக்கு, எந்த வயதில் மார்பகமோ சினைப்பையோ பாதிக்கப்பட்டது என்ற விவரத்தை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயை எந்த வயதில் தொடங்குவது என்பதை அவர் அதை வைத்துச் சொல்வார். எடையோடு இடுப்பையும் அளந்து வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

இப்போதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அதில் மாமாவின் பெயரில் ஒரு பக்கம். வாரம் ஒருமுறை, காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, ஒரே இயந்திரத்தில், ஒரே மாதிரி உடையில் பார்த்த எடை. கீமோ மருந்தின் அளவு அவருடைய உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. எடை 10 சதவீதம் மாறினால் பல மருத்துவமனைகளில் அளவைத் திரும்பக் கணக்கிடுவார்கள். 58-லிருந்து 52 என்பது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அடுத்த தவணைக்குப் போகும்போது, பழைய எடை கேஸ் ஷீட்டில் அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; நெரிசலான நாட்களில் அது நடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே மறுபடி எடை பார்க்கச் சொல்லி, அந்த எண்ணைச் செவிலியர் உங்கள் கண் முன்னே எழுதிய பிறகு மருந்து ஏற்றச் சம்மதியுங்கள்.